கல்மெத்தை கொடுத்த கல்

விற்ற மெத்தையை வீடேறி வந்து திரும்பச் சுருட்டிக்கொண்டு போகிற வியாபாரி இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காரைக்குடியில், எங்கள் வீட்டிலிருந்து ஒன்பதாவது வீட்டில் இருந்தார்.

இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர். மெத்தை வாங்கினால் கூடவே பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றும் தருவார். "மெத்தை உங்களுக்கு, கல்லு பவர் பேங்குக்கு. சார்ஜ் போட்டா இதுமேலதான் வைக்கணும். பஞ்சுல பொறி விழுந்தா வெளிய தெரியாது சார், உள்ளுக்குள்ளயே தின்னுக்கிட்டு இருக்கும்" என்பார். தெரு அவருக்குக் கல்மெத்தை என்று பெயர் வைத்தது.

சொன்னதோடு விட்டாரா? பஞ்சைத் தட்டிப் பார்க்கிற சாக்கில் மாதம் ஒருமுறை வந்து தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவுவார். பவர் பேங்க் அகப்பட்டால் மெத்தை அவர் தோளுக்குப் போய்விடும். அரியக்குடியில் ஒரு கல்யாணம். பெண்வீட்டுச் சீர்வரிசையில் வைத்த மெத்தைமேல் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆறு பவர் பேங்கைச் சார்ஜில் போட்டுப் பரப்பியிருந்தார்கள். நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மனிதர் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். பெண்ணின் அப்பா பின்னாலேயே ஓடினார்.

"எங்குட்டுக் கொண்டு போறீக? சம்பந்தி பாக்குறாக!"

"பாக்கட்டும். படுக்கப்போறது உங்க பொண்ணு."

மணப்பெண்ணே வந்து கல்லைக் கையில் வாங்கிய பிறகுதான் மெத்தை தோளைவிட்டு இறங்கியது.

எனக்கும் அவரிடம் பயம்தான். காரணம், என் மனைவியின் இடுப்பு. நான்கு மெத்தை மாற்றி, ஐந்தாவதாக இவர் தைத்ததில்தான் அவள் வலியில்லாமல் தூங்கினாள். அது போய்விட்டால்? அதனால் கட்டிலிலிருந்து பதினான்கு அடி தள்ளி, கூடத்து நடுவில் கல்லைப் போட்டேன். திரைச்சீலைக்கு ஒன்பது அடி. அளந்தேன்.

ஒருநாள் என் பவர் பேங்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சார், பணியாரமாட்டம் உப்பிருக்கு. இனிமே கரண்டு குடுக்காதீக. என்கிட்ட குடுங்க, பழைய பேட்டரி எடுக்கிற எடத்துல சேத்துர்றேன்."

"சார்ஜ் காட்டுற நாலு விளக்கும் எரியுதே!"

"எரியும், எரியும். நாலோட நிக்காது."

நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி, ஒளித்துவைத்தேன். நான்கு விளக்கும் எரிகிற பொருளை யாருக்குத்தான் கொடுக்க மனம் வரும்? மறுவாரம் காலை பதினொரு மணிக்கு அதைக் கல்மேல் வைத்துச் சார்ஜ் போட்டேன். மனைவி அறையில் சாய்ந்திருந்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். புகை. பிறகு ஒரு முழ உயரத்துக்குத் தீ. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். கட்டிலிலிருந்து வாசலுக்கு இருபத்தோரு எட்டு.

கல்மெத்தை மணல்வாளியோடு ஓடிவந்தார். "கிட்டப் போகாதீக, அந்தப் புகை ஆகாது!" என்று என்னை மறித்து நின்றார். பற்றிக்கொள்ளச் சுற்றிலும் எதுவுமில்லாமல் தீ தானாகவே அடங்கியது. கல் கறுத்து, இரண்டாகப் பிளந்திருந்தது. அவ்வளவுதான் சேதம்.

புகை போனதும் நேராக அறைக்குள் சென்றார். மெத்தையை நான்கு மூலையிலும் அமுக்கி, முகர்ந்து பார்த்தார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"தம்பி, எடுத்துட்டுப் போயிருவீகளா?"

"மெத்தை கிடக்கட்டும்க்கா. சாரைச் சுருட்டிக்கிட்டுப் போகலாமான்னு பாக்குறேன்."

மறுநாள் புதுக் கல்லோடு வந்தார். போன வருடம் மகள் வீட்டோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்.

பிளந்த கல்லை நான் எறியவில்லை. புதுக் கல்லுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. காலையில் மனைவி இடுப்பில் கைவைக்காமல் எழுந்து வருகிறாள். கட்டிலிலிருந்து கல்வரைக்கும் பத்து எட்டு. தினமும் எண்ணுகிறேன். பத்தாவது எட்டில் அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.