முனாப் கடை ரோசாச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய விவரம்

சேசு மரி சூசை துணை

மேமலைத் தோட்டம்,
லிந்துலை.
22.3.1961

கொழும்பு மாநகரில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உத்தியோகம் பார்த்துவரும் என் அன்பு மாப்பிள்ளை சிறில் அவர்களுக்கும், அவரைக் கட்டிய குற்றத்துக்காக அந்த வெக்கையில் அவிந்துகொண்டிருக்கும் என் தங்கை சிசிலிக்கும், கஸ்பர் கங்காணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் றோசலினும் சர்வேசுரன் கிருபையால், எனது வலது முழங்கால் ஒன்று நீங்கலாக, பூரண சுகத்துடன் இருக்கிறோம். அவ்வண்ணமே தங்கள் சுகத்தையும், தங்கள் தலையில் மிச்சமிருக்கும் முடியின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

நிற்க. "பாஸ்குத் திருநாளுக்கு மலைக்கு வந்து எதைப் பார்ப்பது, மழையும் பனியும் அட்டையும்தானே" என்று தாங்கள் எழுதியிருந்ததை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. மாப்பிள்ளை, இங்கே வசந்த காலம் வந்துவிட்டது. ரோட்டோரத்து முள்முருக்கு மரமெல்லாம் போன மாதம் வரைக்கும் ஒரு இலை இல்லாமல் தங்கள் தலை மாதிரி நின்றது, ஒரே வாரத்தில் செக்கச்செவேலென்று பூத்து, மைனாக்கள் அதில் தேன் குடித்துவிட்டு, கள்ளுத்தவறணை வாசலில் நிற்கிற ஆட்கள் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு கிடக்கின்றன. கீழே இருக்கிற சிங்கள ஆளுங்க குயில் கத்துறதைக் கேட்டுட்டு, "கோஹா கூவிருச்சு, அவுருது வருது" என்று புது வருஷத்துக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பங்களாவுல பீச்சஸ் மரம் ரெண்டும் பூ மட்டும் போட்டுக்கிட்டு நிக்குது, எலைய மறந்துருச்சு போல. ஏழு மணிக்கெல்லாம் மூட்டம் கலைஞ்சு எதிர் மலையில லயத்து வீட்டுக் கூரைத் தகரம் மின்னுது. போன வருஷம் கவ்வாத்து வெட்டின ஆறாம் நம்பர் மலை, வெறுங் குச்சியா கெடந்தது, இப்ப செம்பு நெறத்துல தளிர் விட்டு, வெயில் பட்டா பாத்தரம் வெளக்கி வச்ச மாதிரி இருக்கு. றோசலின் எங்க வீட்டுக் காம்பரா வாசல்ல மாவு டின்னுல வச்ச டேலியாவுல என் கை அகலத்துக்குப் பூ. இத்தனையும் இனாம். ஒங்க கொழும்புல வசந்த காலமின்னா மின்விசிறிய ரெண்டாம் நம்பர்ல வைக்கிறதுதான?

ஆனா மாப்ளே, இந்த வருஷம் வசந்த காலம் எனக்குச் சும்மா வரல. நான் வாசல்ல காவல் காத்து, நெஞ்சு பதறி, கெஞ்சிக் கூத்தாடி அழைச்சுக்கிட்டு வந்தேன். அந்தக் கதையக் கேளுங்க.

முனாப் மொதலாளிய ஒங்களுக்குத் தெரியும். நம்ம தோட்டத்து எறக்கத்துல பஸ் நிக்கிற முச்சந்தியில கடை. அந்தக் கடை வாசல் வாங்குப் பலகையில குந்தி இருபத்திரெண்டு வருஷமா காலையில ஒரு தேத்தண்ணி, சாயந்தரம் ஒரு தேத்தண்ணி, நடுவுல அவரு என்னைய நக்கலடிக்க நான் அவர நக்கலடிக்க, இதான் எனக்குக் கெடைச்ச பென்ஷன். ஜனவரி பொறந்த கையோட அவரு சம்சாரம் நஸீராவோட அக்குறணைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாரு. போறப்ப, "கங்காணியாரே, பதினஞ்சு நாளு, வாசல்ல நிக்கிற செடியக் கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னாரு. பாத்துக்கங்கன்னா, வெறுமனே பாத்துக்கிட்டு நிக்க நான் என்ன மலையில மேற்பார்வை பாக்குற கண்டாக்கையாவா? முப்பத்தஞ்சு வருஷம் கவ்வாத்துக் கத்தி புடிச்ச கை! அந்த ரோசாச் செடி ஆளு ஒசரத்துக்கு மேல போயி, கூரைத் தகரத்த ஒரசிக்கிட்டு, உச்சியில ரெண்டே ரெண்டு பூ, அதுவும் காக்காவுக்குத்தான் தெரியும், கீழ பூரா காஞ்ச குச்சி, பாக்கப் பாக்க முடி வெட்டாம காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து நிக்கிறவன் மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் பொறுத்தேன், ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாம் நாள் கத்தியத் தீட்டிக்கிட்டுப் போயி, முழங்கால் ஒசரத்துக்கு, மேசை மாதிரி மட்டமா, வெட்டு சாய்வா, பட்டை கிழியாம, அப்படியே தேயிலைக்கு வெட்டுற மாதிரி வெட்டி, தூருக்குச் சாணி போட்டு, ரெண்டடி தள்ளி நின்னு பாத்தேன். என்னா அழகு! பெரிய தொரை பாத்திருந்தா கை குடுத்திருப்பாரு.

முனாப் பஸ்ஸ விட்டு எறங்கினாரு. பெட்டி கையிலேர்ந்து கீழ விழுந்துச்சு.

"செடி எங்க கங்காணி?"

"அந்தா நிக்குது."

"அது செடியா? நாலு குச்சி நிக்குது!"

"ஏழு குச்சி. நல்லா எண்ணுங்க."

"இது என்னா தேயிலையா? கொழுந்து பறிச்சு பேக்டரிக்கு அனுப்பப் போறீங்களா?"

நான் சிரிச்சேன் மாப்ளே. அவரு சிரிக்கல. "இது ஆருட செடி தெரியுமா? நஸீராட உம்மா வெலிமடையில தன் கையால வச்ச செடியில ஒடிச்சுக் குடுத்த குச்சி. மாமி மவுத்தாகி ஒரு வருஷம் ஆகல்ல. அவங்கட ஞாபகமா எங்களுக்கு இருந்தது இது ஒண்ணுதான்."

நஸீரா தங்கச்சி வந்துச்சு, குச்சியப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு, உள்ள போயிருச்சு. திட்டியிருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். முனாப் சொன்னாரு: "இந்தச் செடி திரும்பப் பூக்கட்டும், அதுக்குப் பொறகு நீங்க இந்த வாங்குல குந்துங்க. பூக்கலேன்னா…" இருபத்திரெண்டு வருஷத்துப் பழக்கம் ஏழு குச்சி மேல நின்னுச்சு.

அன்னையிலேர்ந்து ரெண்டு கட்டை, முழுசா ரெண்டு மைலு, நடந்து வேற கடையில தேத்தண்ணி. கிளாசுக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளோட மூஞ்சி தெரியுது, அவ்வளவு தேயிலை போடுறான். தேயிலை மலை மேல குந்திக்கிட்டு இந்தக் கொடுமை! அந்த நேரம் பாத்து பாஸ்குக்கு முந்தின எங்க நாப்பது நாள் தபசு காலமும் அவங்க நோன்பும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சுது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வயித்துல ஒண்ணுமில்லாம நான், அந்தப் பக்கம் வயித்துல ஒண்ணுமில்லாம அவரு, நடுவுல எலை ஒண்ணுமில்லாம அந்தச் செடி. என்னோட பேசமாட்டாரு, செடியோட பேசுவாரு. வாளியோட வந்து, "குடி, குடி, கங்காணிமார் கண்ணு படாம வளரு"ம்பாரு. நான் விடுவேனா? இந்தப் பக்கம் நிக்கிற மைல்கல்லுகிட்ட, "ஏப்பா மைல்கல்லு, தூருல இவ்வளவு தண்ணி ஊத்தினா வேரு அழுகிரும்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருக்கான், அவனத்தான் கேக்க ஆளில்ல"ன்னேன். மறுநாள் அரை வாளிதான் வந்துச்சு.

அந்த வாரக் கடைசியில, "கங்காணி! இங்க வாங்க!"ன்னு ஒரு சத்தம். ஓடினேன், முழங்காலு வலிக்கக்கூட மறந்துருச்சு.

"வாங்குக்கா கூப்புடுறீங்க, செடிக்கா?"

"செடிக்கு மட்டும். இது என்னா செவப்பா? நோவா?"

குனிஞ்சு பாத்தேன். வெட்டின குச்சியில, குருவி நாக்கு அளவுக்கு, செவந்து, ஈரமா. முப்பத்தஞ்சு வருஷத்துல அப்படிக் கோடித் தளிரப் பாத்திருக்கேன் மாப்ளே, ஒண்ணுக்காவது கண்ணு கலங்கினதில்ல. "நோவு இல்ல மொதலாளி, தளிரு"ன்னேன். "ம்"ன்னாரு. அவ்வளவுதான். திரும்பி ரோட்டத் தாண்டி மைல்கல்லுகிட்ட வந்துட்டேன்.

பெப்ரவரி கடைசியில வெள்ளப் பனி கொட்டுச்சு பாருங்க, புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி, லீக்ஸ் பாத்தியெல்லாம் கருகிப்போச்சு. இளந் தளிரு தாங்குமா? றோசலின் கொழுந்தெடுக்கப் போறப்ப போத்திக்கிற கம்பளியக் கேக்காம எடுத்துக்கிட்டு அந்தி சாயுற நேரம் எறங்கிப் போனேன். அங்க முனாப், பேரீச்சம்பழம் இன்னும் வாயில இருக்க, அக்குறணையிலேர்ந்து கொண்டாந்த புதுப் போர்வையோட நிக்கிறாரு. அவரு போர்வையப் போட்டாரு, அதுக்கு மேல நான் கம்பளியப் போட்டேன். அவரு ஒரு முனை புடிச்சாரு, நான் ஒரு முனை. "கல்லு வைங்க"ன்னாரு, செடியப் பாத்துக்கிட்டு. வச்சேன். என்கிட்ட சொன்னாரா, செடிகிட்ட சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. காலையில பெரட்டுக்குப் போறப்ப றோசலின் நடுங்கிக்கிட்டே கேட்டா: "ஏம்ப்பா, ஊருச் செடி குளிர்ல சாகக்கூடாது, பெத்த மக செத்தாப் பரவால்ல, அப்படித்தான?" அவ வாயி என் வாயி, என்ன செய்யிறது.

தளிரு எலையாச்சு, எலைக்கு நடுவுல மொட்டு வந்துச்சு. அவங்க நோன்புப் பெருநாளைக்கு விரியும்னு ரெண்டு பேருமே மனசுக்குள்ள கணக்குப் போட்டோம். சனிக்கிழமை பெருநாள் வந்துச்சு, மொட்டு அப்படியே வாயப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. முனாப் வீட்டுலேர்ந்து ஒரு தட்டு வட்டிலாப்பம் வந்துச்சு, "றோசலினுக்கு"ன்னு பேரு சொல்லி. நான் தபசுக்கு இனிப்ப விட்டிருக்கேன்னு அந்த ஆளுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் ஏலக்காய அள்ளிப் போடச் சொல்லியிருக்காரு. மோந்து மட்டும் பாத்தேன். மோந்து பாக்கிறது பாவத்துல சேருமான்னு சாமியார்கிட்ட கேக்கல, சேரும்னு சொல்லிட்டார்னா?

முந்தாநாள் திங்கக்கிழமை காலையில பூத்துருச்சு மாப்ளே! பெருநாளும் இல்ல, திருநாளும் இல்ல, சும்மா ஒரு திங்கக்கிழமை. மூட்டம் கலையிறப்ப தூரத்துலேயே தெரிஞ்சுது, கடை வாசல்ல கங்கு வச்ச மாதிரி. ஒண்ணு முழுசா விரிஞ்சு, மூணு பாதி விரிஞ்சு, மொட்டு பத்துக்கு மேல, எல்லாம் இடுப்பு ஒசரத்துல, மனுசன் மோந்து பாக்குற ஒசரத்துல. எதழு மேல தண்ணி நிக்குது, விழமாட்டேங்குது. எழுதத் தெரிஞ்சவனா இருந்தா நாலு பக்கம் எழுதுவேன், எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: நான் பத்து நிமிசம் யாரையும் நக்கலடிக்காம நின்னேன்.

முனாப் கடைக்குள்ள போனாரு. வாங்கத் தூக்கிக்கிட்டு வந்து செடிப் பக்கத்துல போட்டு, தோள்ல கெடந்த துண்டால தொடச்சு, "குந்துங்க"ன்னாரு. குந்தினேன். தேத்தண்ணி வந்துச்சு, சாயம்னா சாயம், கரண்டி நிக்கும். "மாமி இருக்கிறப்பகூட இப்படிப் பூக்கல்ல"ன்னு கையேந்தி அவங்களுக்காக துஆ கேட்டாரு. நானும் தொப்பியக் கழட்டிட்டேன். ஹட்டன் பஸ் நின்னுச்சு, ட்ரைவர்கூட எறங்கி வந்து மோந்து பாத்துட்டுப் போனாரு. "பாஸ்குக்கு ஒங்கட கோயிலுக்கு ரெண்டு பூ எடுத்துக்கங்க. ரெண்டுதான். கத்திய வீட்டுல வச்சிட்டு வாங்க"ன்னாரு முனாப். பழையபடி வாயி வந்துருச்சு மனுசனுக்கு. எனக்கு அதக் கேட்டப்புறந்தான் வசந்த காலம் வந்த மாதிரி இருந்துச்சு.

ஆகையால் மாப்பிள்ளை அவர்களே, தாங்கள் லீவு எடுத்துக்கொண்டு, சிசிலியையும் அழைத்துக்கொண்டு, பெரிய சனிக்கிழமைக்கு முன்னதாக மலைக்கு வந்து, மறைந்த ஒரு தாயாரின் ஞாபகத்தைக் கஸ்பர் கங்காணியின் கத்தி எப்படிப் பூக்க வைத்தது என்பதைக் கண்ணாரக் காணும்படி கேட்டுக்கொள்கிறேன். சிசிலிக்கு என் ஆசீர்வாதம் முழுசாகவும், தங்களுக்குப் பாதியாகவும் இத்துடன் அனுப்பப்படுகிறது. மீதியை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் உயிரையே வைத்திருந்தாலும் வெளியே காட்டாத மைத்துனன்,
கஸ்பர்

பின்குறிப்பு: கடுதாசிய ஒட்டுறதுக்கு முன்னால முத்திரை வாங்கக் கடைக்குப் போனேன். முனாப் தலவாக்கலைக்குச் சாமான் எடுக்கப் போயிட்டாரு. நஸீரா தங்கச்சி, "அண்ணே, இப்படி வாங்க"ன்னு கொல்லைப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போச்சு. கெணத்தடியில ஒரு ரோசாச் செடி, இளஞ் செவப்புல ரெண்டு பூ. "இதுதான் அண்ணே எங்கட உம்மா தந்தது. நான் எங்க வச்சேன்னு இவர் ஒரு நாளும் பாத்ததில்ல"ங்குது. அப்ப முன்னால நிக்கிறது? "அது முந்தியிருந்த கடைக்காரன் விட்டுட்டுப் போன முள்ளு. போக வரச் சீலையக் கிழிக்குது, வெட்டுங்க வெட்டுங்கன்னு பத்து வருஷமா இவர்கிட்ட செல்லி அலுத்துப்போச்சு. நீங்க வெட்டிட்டீங்க, நல்லாயிருங்க." "இத அன்னைக்கே சொல்லக்கூடாதா தங்கச்சி? ரெண்டு மாசம் மைல்கல்லோட பேசிக்கிட்டு நின்னேனே!"ன்னேன். "எங்கட உம்மா உசிரோட இருக்கிறப்ப இவர் அவங்களப் பத்தி ரெண்டு வார்த்த நல்லதாப் பேசினதில்ல. இப்ப வாளி வாளியா தண்ணி ஊத்தி, பேரு செல்லி துஆ கேக்கிறார். வயித்தெரிச்சல்காரங்க மாதிரி போய்ச் செல்லிராதீங்க"ன்னுச்சு. அதனால மேல எழுதினதுல செடி மட்டும் வேற, மத்ததெல்லாம் நெசம். நீங்க வர்றப்ப முனாப் முன்னால அந்த முள்ளுக்கு மரியாதையா ஒரு கும்புடு போட்டுருங்க. கெணத்தடிச் செடியையும் ஒரு தடவை நல்லாப் பாத்தேன். ரெண்டே பூ. மட்டமா ஒரு வெட்டு வெட்டினா இருபது பூக்கும்னு சொல்ல வாயெடுத்தேன். தங்கச்சி என் மூஞ்சியப் பாக்கல, என் கையத்தான் பாத்துக்கிட்டு நின்னுச்சு.