பலகையில் ஒரு வரி

மதிப்பிற்குரிய சீனியர் வழக்கறிஞர் பொன்னுரங்கம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலமும் முழங்கால் வலியும் முறையே கூடவும் குறையவும் வேண்டுகிறேன். இத்தனை காலம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

வயதில் சிறியவர்களுக்கென்று ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள். கிட் என்கிறார்கள், அவன் வளர்ந்துவிடுகிறான். டீன்ஏஜர் என்கிறார்கள், அதுவும் பத்தொன்பதோடு தீர்ந்துபோகிறது. மைனரைச் சட்டமே பதினெட்டில் மேஜராக்கிவிடுகிறது, மனுகூடப் போட வேண்டியதில்லை. ஜூனியருக்கு மட்டும் அப்படியொரு நாள் எந்தச் சட்டத்திலும் இல்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மூக்குக் கண்ணாடியைத் தேடவே இன்னொரு கண்ணாடி தேவைப்படுகிறது. கள்ளக்குறிச்சி கோர்ட்டில் இன்றும் நான் உங்கள் ஜூனியர்.

போன வாரம் நில வழக்குக்காக வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த பாப்பாத்தி, என் நரைத்த தலையையும் உங்கள் மை பூசிய தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கும்பிட்டார். "அது நம்ம ஜூனியர்ம்மா, சின்னப் பையன். நான்தான் வக்கீலு" என்றீர்கள். படியிறங்கும்போது அந்தம்மா என்னிடம், "இன்னா சாமி, இந்த வயசுல புச்சா படிச்சிக்கினு வந்தியா?" என்று கேட்டு, இரக்கப்பட்டு ஒரு பலாச்சுளையும் கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

அதையும் பொறுத்தேன். உங்கள் பேத்தி எழில்மதி கறுப்புக் கோட்டு மாட்டியதும் ஆபீசுக்குப் புதுப் பலகை எழுத ஆள் வந்தான். மேலே உங்கள் பெயர். கீழே அவள் பெயர், அசோசியேட் என்று. நடுவில் ஒரு வரிக்கு இடம் காலி. "இந்த சாருக்கு எழுதலீங்களா?" என்று பெயின்டர்தான் கேட்டான். "அவனுக்கு இன்னாடா அவசரம், சின்னப் பையன்!" என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை பலகையை மாட்டுகிறார்கள் மாமா (இது வீட்டு விஷயம், அதனால் சீனியர் என்று கூப்பிடாமல் உறவுமுறையில் கூப்பிடுகிறேன்). ஞாயிற்றுக்கிழமை என் மகள் ராதிகாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் நம்ம ஆபீஸ் தெரு வழியாகத்தான் வரணும். பொண்ணோட அப்பா பேரு எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? அந்த நடு வரி எனக்கு வேண்டும். சின்ன எழுத்தானாலும் போதும்.

தங்களுக்கும் அத்தைக்கும் என் பணிவு.

பி.கு.: ஆபீஸ் தபாலைப் பிரித்து உங்களுக்குப் படித்துக்காட்டுவது ஜூனியர் வேலை. முதல் வரியிலேயே, "எவன்டா இவன்?" என்பீர்கள். "கையெழுத்து இல்லீங்க சீனியர்" என்பேன். "மொட்டைக் கடுதாசியா? கிழிச்சிப் போடுடா" என்பீர்கள். கிழிப்பதும் என் கைதான். இருந்தாலும், என் பெயருக்குக் கீழே என்ன எழுதுவதென்று தெரியாததால், கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.