நானோ மேஜரும் கிடாரங்காய் ஊறுகாயும்

திருக்கடையூருக்கு மேற்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரின் நெல் கொள்முதல் நிலையத்தில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். சாமி புறப்பாடா? இல்லை. நெல்லை ஏற்ற லாரி வந்துவிட்டதா? அட, அந்த அதிசயமெல்லாம் அவ்வளவு லேசில் நடக்குமா! வந்திருந்தவர் நானோ மேஜர்.

பச்சையும் பழுப்புமாய்த் திட்டுத் திட்டான ராணுவச் சட்டை. அதே துணியில் வேட்டி. கழுத்தில் விசில். மினி லாரியின் மேல் ஏறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேர் என்னங்க என்று கேட்டால், "ராணுவ ரகசியம்." எந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தீங்க? "ராணுவ ரகசியம்." காலையில் என்ன சாப்பிட்டார் என்பதுகூட ராணுவ ரகசியம்தான். ஆனால் சட்டையில் வழிந்திருந்த சாம்பார் அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"பனிமலையில நிக்கிற ஜவான் மேல ஒரு சொட்டுத் தண்ணி படாம காப்பாத்துற நானோ துகள்! அதை உழவனுக்குக் கொண்டுவந்தது யாரு? இந்த மேஜர்! இந்தப் பாட்டிலைக் குவியல்மேல குச்சி நட்டுக் கட்டுங்க. மழை பக்கத்துல வரும், உங்க நெல்லைப் பாக்கும், சல்யூட் அடிச்சுட்டுத் திரும்பிப் போயிடும்!"

"பாட்டில் காலியா இருக்கே சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கண்ணுக்குத் தெரிஞ்சா அது எப்படிங்க நானோ?"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! காலிப் பாட்டிலைக் காலி என்று சொன்ன மனிதர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டத்தில் முன்வரிசையில் நின்று விரல் நோகத் தட்டியவர் ரெத்தினம். அவரை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. ஊரிலேயே பெரிய பகுத்தறிவுக்காரர். தன் ஜாதகத்தைக் கிழித்து அடுப்பில் போட்டவர். எலுமிச்சம்பழத்தை ஊறுகாய்க்கும் ரசத்துக்கும் தவிர வேறெதற்கும் தொடாதவர். காவி கட்டி யாராவது வாசலில் நின்றால் நாயை அவிழ்த்துவிடுவார். ஆனால் மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம், மிலிட்டரி. ராத்திரி பகலாய் மொபைலில் ஏவுகணையும் டாங்கியும்தான். குண்டு துளைக்காத சட்டையில் நானோ, விஷவாயுவை மோப்பம் பிடிக்கும் கருவியில் நானோ என்று டீக்கடையில் பாடமே எடுப்பார். அதெல்லாம் நிஜமாகவே எங்கெங்கோ ஆராய்ச்சிக்கூடங்களில் நடக்கிறதுதான். அங்கே நடக்கிறது இந்த லாரியில் எப்படி ஏறியது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

"ஒரு விஷயம்," என்றார் மேஜர், குரலைத் தாழ்த்தி. "காசு வேண்டாம். தேசத்துக்குச் சேவை பண்றவன் காசு வாங்குவானா? ஆனா தார்ப்பாய் மூடியிருந்தா நானோவுக்கு சிக்னல் கிடைக்காது. அதனால தார்ப்பாயை இந்த லாரியில போட்டுட்டு, பாட்டிலை வாங்கிட்டுப் போங்க."

அடுத்த நிமிஷம் லாரிக்குள் தார்ப்பாய் மழை. சவேரியார் கோயில் பக்கத்துக் குழந்தைராஜ், கிழியாத புதுத் தார்ப்பாயைப் போட்டார். ரெத்தினமும் தன் நீலத் தார்ப்பாயைப் போட்டார். போன குறுவைக்கு அம்சம் பார்த்துப் பார்த்து வாங்கியது.

அம்சம் யார் என்றால் ரெத்தினத்தின் வீட்டுக்காரம்மா. ரெத்தினம் மழைக்குப் பயப்படுவார். அம்சத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாய்ப் பயப்படுவார்.

அம்சம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது தரங்கம்பாடிப் பக்கம் வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. குறுவை முழுக்க வயலில் கிடந்து விளைவித்த நெல் மொத்தமும் அந்த ஒரே குவியலில். நாளைக்குக் காலையில் எடை போட அவர்கள் முறை. இன்றைக்கு நனைந்தால் ஈரப்பதம் ஏறிவிடும், "காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிவிடுவார்கள். அடைமழைக் காலத்தில் எந்த வெயிலில் காய வைக்கிறது? முளைவிட்ட நெல்லைக் கோழிதான் வாங்கும். அப்படிப்பட்ட குவியல் துணியில்லாமல் நின்றது. உச்சியில் ஒரு குச்சி. குச்சியில் ஒரு காலிப் பாட்டில்.

"என்னங்க இது?"

"நானோ," என்றார் ரெத்தினம்.

"தார்ப்பாய் எங்க?"

"அது... சிக்னலைத் தடுக்கும் அம்சம்."

அம்சம் சிவப்பு அரக்கு முத்திரை வைத்த அந்தப் பாட்டிலைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததுபோல் ஒரு பார்வை.

"எங்கம்மா மாரியம்மனுக்குக் கூழு ஊத்துனப்ப மூடநம்பிக்கைன்னு ஒரு மாசம் பேசாம இருந்தீங்களே! அந்தக் கூழையாவது குடிக்கலாம். இதை என்ன பண்றது?"

"இது சயன்ஸ்டி. மிலிட்டரி சயன்ஸ். அங்க எதையும் சும்மா குடுத்துட மாட்டாங்க. குண்டு துளைக்காத சட்டைன்னா, திரும்பத் திரும்ப சுட்டுப் பாத்துட்டுத்தான் ஜவானுக்கே போடுவாங்க. நான் மொபைல்ல பாத்திருக்கேன்."

"சுட்டுப் பாத்துட்டுத்தானே?"

"ஆமா."

"அப்ப வாங்க, நாமளும் பாப்போம்," என்று தூக்கை இடுப்பில் இடுக்கி, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு நடந்தார் அம்சம். ரெத்தினத்துக்குப் போக மனமில்லை. ஆனாலும் பின்னாலேயே போனார்.

லாரி மேல் மேஜர் இப்போது ஒரு கருவியைக் காட்டிக்கொண்டிருந்தார். டார்ச் லைட் மாதிரி இருந்தது, முன்னால் சிவப்பு பல்பு. பாட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் "கீ கீ கீ" என்று அலறியது.

"பாத்தீங்களா, ஃபுல் பவர்! நானோ இருந்தாத்தான் இது கத்தும். இல்லாட்டிக் கழுத்தை நெரிச்சாலும் கத்தாது!"

அம்சம் தூக்கை இறக்கி, குவியல் மறைவில் உட்கார்ந்து என்னவோ செய்தார். எழுந்து வரும்போது கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலங்கள் இரண்டு.

"மேஜர் சார், கும்பிடுறேங்க. எங்க வீட்டுக்காரரு ரொம்ப அவசரக்காரரு. வாங்கின பாட்டிலை மூடி திறந்து பாத்துட்டாரோன்னு பயமா இருக்கு. சக்தி இருக்குதான்னு கொஞ்சம் பாருங்களேன்."

"தாராளமா, தாயே!" மேஜர் முதல் பொட்டலத்துக்கு மேல் கருவியைப் பிடித்தார். கீ கீ கீ கீ! பல்பு எரிந்த வேகத்தில் கூட்டமே சிவந்து தெரிந்தது. "அடேயப்பா! மத்த பாட்டிலைவிட டபுள் பவர்! ஒரு பட்டாளத்தையே காப்பாத்தும்!"

அம்சம் பேப்பரைப் பிரித்தார்.

கிடாரங்காய் ஊறுகாய். எண்ணெய் மிதக்க, சிவக்கச் சிவக்க, மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பாட்டில்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. அப்புறம் எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது. மேஜர் அசரவில்லை. "பக்கத்துப் பாட்டில்லேருந்து நானோ இதுக்குப் பாஞ்சிருக்கு. சகஜம்!"

"அப்படிங்களா? அப்ப இதையும் பாத்துடுங்க," என்று இரண்டாவது பொட்டலத்தை நீட்டினார் அம்சம்.

மேஜருக்கு ஒரு தடவை சுட்டுவிட்டது. இந்த அம்மாவை நம்ப முடியாது, இதுக்குள் என்ன மோர் மிளகாயோ என்று நினைத்திருப்பார் போல. கருவியைக் கொண்டுபோனார். கட்டைவிரல் பொத்தான் பக்கம் போய்த் திரும்பி வந்தது. கருவி வாயே திறக்கவில்லை.

"ஹா! இதுல ஒண்ணுமே இல்ல! வெறும் காலி! மேஜரை ஏமாத்த முடியுமா?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்."

"இதுல நானோ இருந்தா நான் இந்த யூனிஃபாரத்தையே கழட்டிடுறேன்!"

அம்சம் பிரித்தார். மேஜரே கையால் கொடுத்த பாட்டில். மேஜரே ஒட்டிய சிவப்பு அரக்கு முத்திரை. ரெத்தினம் உடைக்காத முத்திரை.

"நீங்களே சொல்லிட்டீங்க, வெறும் காலின்னு," என்றார் அம்சம்.

மேஜர் பேய் முழி முழித்தார். "இது... இது ராணுவ ரகசி..."

அதற்குள் வானமே பதில் சொல்லிவிட்டது. கோலிக்குண்டு மாதிரி நாலு துளி. அதில் ஒன்று மேஜரின் மூக்கில் விழுந்தது. மழைக்கே கட்டளையிடும் மனிதர், சுற்றிலும் பெட்டி பெட்டியாய் நானோ அடுக்கியிருக்க, என்ன செய்தார் தெரியுமா? துள்ளிப் பாய்ந்து ஒரு தார்ப்பாயை உருவி, மைக் செட்டை மூடினார். இன்னொன்றை உருவித் தன்னையும் மூடிக்கொண்டார்.

அது அம்சத்தின் நீலத் தார்ப்பாய்.

ரெத்தினத்துக்குள் என்னவோ அறுந்தது. அவமானம், கோபம், தன்மேலேயே வந்த எரிச்சல், எல்லாம் சேர்ந்து அவரை லாரிக்குள் தூக்கிப் போட்டது. "சிக்னலைத் தடுக்குமே சார், குடுங்க இப்படி!" என்று ஒரே இழுப்பு. பின்னாலேயே ஊர் ஏறியது. தார்ப்பாய்களுக்கு அடியில் ஒரு பலகை கிடந்தது: 'மழைக்காலத் தள்ளுபடி! பழைய தார்ப்பாய் மலிவு விலையில்!' நாளைக்கு அடுத்த ஊர்ச் சந்தைக்கான சரக்கு. நம்ம தார்ப்பாயை நமக்கே விற்கிற அந்தத் தொழில்நுட்பத்தை எந்த ஆராய்ச்சிக்கூடமும் இன்னும் கண்டுபிடித்திருக்காது.

அவரவர் தார்ப்பாயோடு ஓடினார்கள். ரெத்தினமும் அம்சமும் ஆளுக்கு இரண்டு மூலையாய்ப் பிடித்து இழுத்து, ஓரத்தில் செங்கல்லை வைத்த அடுத்த மூச்சில் மழை கொட்டித் தீர்த்தது. நெல் தப்பியது. யூனிஃபாரத்தைக் கழற்றுகிறேன் என்ற மேஜர், வாக்குத் தவறவில்லை. ஊர்க்காரர்கள் லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போலீசுக்குப் போன் போட்டதுமே, சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பனியனோடு வயல் வரப்பில் ஓடினார். வரப்பு ரோட்டில் ஏறிய இடத்தில் போலீஸ் ஜீப் எதிரிலேயே வந்தது.

மழை விட்டதும் ரெத்தினம் அசடு வழிய நின்றார். "யூனிஃபாரத்தைப் பாத்து ஏமாந்துட்டேன் அம்சம். காவியில வந்திருந்தா விரட்டியிருப்பேன்."

"துணியப் பாத்துதான் விரட்டுவீங்களா? சொல்றதைக் கேட்டு விரட்ட மாட்டீங்களா?"

அப்போது குழந்தைராஜ் தயங்கித் தயங்கி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதோடு கேட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்த ஊறுகாய்க்கு மிஷின் டபுள் பவர்னு கத்துச்சே... அதுல ஒரு துண்டு குடுத்தீங்கன்னா, என் குவியல்மேல வச்சுப் பாக்கலாமா?"

அம்சம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாட்டிலைத் திறந்து, பெரிய துண்டாய் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இது சோத்துக்குத் தம்பி. நெல்லுக்குத் தார்ப்பாய் இருக்கு. தலைக்குள்ள ஒண்ணு இருக்கே, அது எதுக்குன்னு சாப்பிட்டுக்கிட்டே யோசி."