மஞ்சளில் ஒட்டியவை முப்பத்தெட்டு

1992 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. வானம் மூடியிருந்தது. மேற்குக் காற்று நல்லூர் வீதியின் பஞ்சையெல்லாம் எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. சமையலறையில் கடுகளவு ஈக்கள் பறந்தன. மற்றவர்கள் விரட்டியிருப்பார்கள். நான் எண்ணினேன். (எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.) அறுபதைத் தாண்டியதும் அவை இடம் மாறிவிட்டன.

"ஏனுங்க, ஈய ஓட்டறீங்களா, கணக்கெடுக்கறீங்களா? எங்கியோ என்னமோ அழுகிக் கெடக்குதுங்க," என்றாள் என் மனைவி சரசு.

"அழுகினா நாத்தம் வரோணுமல்ல?" என்றேன், பெரிய விஞ்ஞானி போல.

அப்போது ஓர் ஈ என் மஞ்சள் துண்டில் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஏன் மஞ்சள்? அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது.

பனியன் கம்பெனியில் சாம்பிள் துணிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கழிவுத் துண்டுகள் பையில் எப்போதும் கிடக்கும். ஐந்து நிறங்களை எடுத்து, விளக்கெண்ணெய் தடவி, கொடியில் தொங்கவிட்டு, கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் கருப்பு பூஜ்யம், வெள்ளை மூன்று, சிவப்பு ஐந்து, பச்சை ஏழு, மஞ்சள் முப்பத்தெட்டு!

அதற்குள் சரசு கட்டிலுக்கடியிலிருந்த கூடையைக் கவிழ்த்து, அழுகிய உருளைக்கிழங்கு ஒன்றை வெளியே எறிந்தாள். சாயங்காலம் ஓர் ஈ இல்லை. (என் மஞ்சள்தான் காரணம் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.)

மறுநாள் சாயப்பட்டறைக்குப் போனேன். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் அட்டையில் குத்திக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட மஞ்சள் துணியைக் காட்டினால்தான் நாலாயிரம் பனியனுக்குச் சாயம் ஏறும். ஊரில் அது ஒன்றுதான் இருந்தது. ஆபீசில் தொலைந்துவிடுமோ என்று பயந்து நான்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். குண்டூசி துருப்பிடித்துக் கறையாக்கிவிடுமோ என்று பயந்து அட்டையிலிருந்து கழற்றி அதே பையில் போட்டும் வைத்திருந்தேன்.

அட்டையைத் திறந்தேன். கையெழுத்து இருந்தது. துணி இல்லை.

சைக்கிளில் பறந்துபோய்க் கொடியிலிருந்து எடுத்து வந்தேன். சாய மாஸ்டர் காதர் பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எண்ணெ குடிச்சு ஷேடே கருத்துப் போச்சுங்க சாமி. அதக்கூட உடுங்க. மேல ஒட்டியிருக்கற இந்த எள்ளையும் சேத்து மேட்ச் பண்ணோணுங்களா?"

முதலாளி என்னைவிட இருபது வயது இளையவர். குரலைக்கூட உயர்த்தவில்லை. "மெட்ராஸ் ஏஜெண்டுகிட்ட இன்னொரு துண்டு இருக்குதுங்க. உங்க செலவுல போயி வாங்கியாந்துருங்க. புதன்கெழமைக்குள்ள அது வரலீன்னா, நீங்களும் வர வேண்டாமுங்க."

போனேன். வாங்கினேன். திரும்பும் வழியில் பையைத் திறந்து நாற்பத்தொரு முறை பார்த்தேன். புதன்கிழமை காலை துணியும் வந்தது, நானும் வந்தேன்.

இன்றும் நான் மஞ்சள் சட்டை போட்டால் பேத்தி சுற்றி வந்து முதுகைப் பார்க்கிறாள். "எத்தன ஒட்டியிருக்குதுங்க அப்புச்சி?"

ஈயை விரட்டிய வகையில் சரசுவுக்குச் செலவானது ஓர் அழுகிய உருளைக்கிழங்கு. எனக்கு ரயில், பஸ், சாப்பாடு, விளக்கெண்ணெய் எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு ரூபாய் ஐம்பது காசு.