வெள்ளிக்கிழமை கழுவிய தரை

ரோடு கேம்ப், பெரார்கஞ்ச்,
தென் அந்தமான்.
9-8-1968

மதிப்பிற்குரிய மச்சான் சொக்கலிங்கம் அவர்களுக்கு, பழனிசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. இவ்விடம் யாவரும் என்றால் நான் ஒருவன்தான். அந்த ஒருவனிலும் வலது கால் சௌக்கியமில்லை. அவ்விடம் தாங்களும் சுசீலா அக்காவும் என் மகள் நீலாவதியும் நலமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

விஷயம் என்னவென்றால், போன கடிதத்தில் என் வீட்டைப் பற்றி நான் அளந்ததையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். 'குடியிருக்க லாயக்கான வீடு என்று ஒன்று இருந்தால் பிள்ளையை அனுப்புகிறேன்' என்றீர்கள். நானும் 'தேக்குக்குச் சமானமான வீடு, ஆணி அசையாது' என்று எழுதிவிட்டேன். ரோடு நீள நீள டிராக்டரில் கட்டி இழுத்துப் போகும் அதே டிரெய்லர் வீடுதான், தங்கள் தங்கை மங்கையர்க்கரசி குடித்தனம் நடத்தியது. ஆனால் ஆனி மாதம் முதலே தரை மெத்துமெத்தென்று இருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே ஏறித் தார் பூசினேன். வெயிலில் தார் இளகி வேட்டியைப் பிடித்துக்கொள்ள, நான் மட்டும் இறங்கி வந்தேன். வேட்டி இன்னும் மேலேதான் இருக்கிறது. பிறகு பக்கத்துக் கூடாரத்துப் பெங்காலி பாபுவின் தண்ணீர்ப் பீப்பாய்தான் காரணம் என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். அந்த நல்ல மனுஷன் இப்போது என்னோடு பேசுவதில்லை. கடைசியில், பிள்ளை வெறுங்காலோடு ஓடுமே என்று அபர்டீன் பஜாரில் நீலப் பூப் போட்ட லினோலியம் வாங்கி வந்து தரை முழுக்க விரித்துவிட்டேன். பார்க்க ராஜா வீடு போல இருந்தது. அந்த அழகைக் காட்டத்தான் கடைக்கார நண்பர் நாகூர் கனியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கூப்பிட்டேனா, சாம்பார்ச் சட்டியோடு இரண்டடி வைத்திருப்பேன், தரை வாயைப் பிளந்து வலது காலைத் தொடை வரைக்கும் விழுங்கிவிட்டது. நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்து அவரும் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சாம்பார் அவர் மடியில்.

லினோலியத்தை உரித்துப் பார்த்தால், மச்சான், பலகை பழைய சோறு மாதிரி கையோடு வருகிறது. கூரை காய்ந்துதான் இருக்கிறது. இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். கனி மடியைத் துடைத்துக்கொண்டே, "ஓய், ஜும்மாவுக்கு ஜும்மா பால்ட்டி பால்ட்டியா பானி ஊத்தினா லக்கடிப் பலகை என்னங்காணும் செய்யும்? நீர் வீடு கழுவுற அன்னைக்கு, வண்டிக்குக் கீழ ஒதுங்குன கோழியெல்லாம் நனைஞ்சு ஓடுதே, பார்த்ததில்லையா?" என்றார்.

பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது தங்கள் வீட்டு வழக்கம். தங்கள் வீடு சிமெண்டுத் தரை, முற்றத்தில் ஜலதாரை உண்டு. பலகைக்கு இதெல்லாம் ஆகாது என்று மங்கையர்க்கரசிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஊற்றிய தண்ணீர் உள்ளே நிற்கவில்லையா, சரி, சுத்தம் என்று இருந்தோம். அவள் கண்ணை மூடிய பிறகும் நான் ஒரு வெள்ளியும் விட்டதில்லை. காய்ச்சல் கண்ட வாரத்தில்கூடக் கழுவினேன். கழுவாமல் விட்டால் அவள் இல்லை என்பது உறுதியாகிவிடும் போல ஒரு பயம். வேறு என்ன சொல்ல? அவளுக்காகச் செய்த ஒரே காரியம், அவள் வாழ்ந்த வீட்டை அழுக வைத்திருக்கிறது.

ஆகையால் நீலாவதியை அனுப்ப வேண்டாம். தரை போட மேஸ்திரி வருவார் என்கிறார்கள். எப்போது என்று அவருக்கே தெரியாது. ஓட்டை விழுந்த வண்டியில் பெண்பிள்ளையை வைத்து வளர்க்க எனக்குத் துப்பில்லை. அங்கேயே இருக்கட்டும். அக்காவையே அம்மா என்று கூப்பிடட்டும். நான் வருத்தப்பட மாட்டேன். தங்கள் குடும்பம் பெருகி, வயல் விளைந்து, யாவரும் நீடூழி வாழ வேண்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
பழனிசாமி

பின்குறிப்பு: இந்தக் கடிதம் ஏற வேண்டிய கப்பலிலேயே நீலாவதி வந்து இறங்கிவிட்டாள். என் அளப்பை நம்பி, நாகூருக்கு வந்திருந்த கனியின் மனைவி மஸூதாவோடு தாங்களே ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். வந்ததும் பெட்டியைக்கூட வைக்காமல் வண்டி முழுக்கத் தேடினாள். கட்டிலுக்குக் கீழே பார்த்தாள், திரைக்குப் பின்னால் பார்த்தாள், கடைசியில் குப்புறப் படுத்து அந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா தேடுற?" என்றேன். "அம்மா அந்தமான்லதான இருக்காங்க, மாமா சொன்னாங்களே?" என்றாள். மச்சான், அழுகிற பிள்ளையைத் தேற்றத்தான் சொல்லியிருப்பீர்கள், கோபமில்லை. ஆனால் சொல்ல வேண்டியவன் நான்தானே, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அழவில்லை. "அப்ப இத்தனை நாளும் நீங்க தனியாவா இருந்தீங்க?" என்று கேட்டாள். மேலே எழுதிய ஒரு வரியையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையைத் திருப்பிக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.