கட்டைவிரலும் பிரிக்காத உறையும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரர் எழுதுவது. கைவிரல் மூட்டுகள் நீங்கலாக இங்கே அனைவரும் நலம். அங்கே விரல்கள் உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்துவிட்டவன் நீ. மூட்டுத் தேய்மானத்துக்குக் குறைந்த அளவு கதிர்வீச்சு. பாதிப் பேருக்கு நிஜக் கதிர், மீதிப் பேருக்கு மெஷின் சும்மா உறுமும், யாருக்கு எது என்று பிற்பாடுதான் சொல்வார்கள் என்றாய். ஆறு தடவை கையை நீட்டிவிட்டு வந்தேன். நாலாவது வாரமே கட்டைவிரல் மடங்கியது மாப்ளே! கத்தரியைப் பிடித்தேன், ஒரே மூச்சில் இரண்டு கோட்டுக்குத் துணி வெட்டினேன். வலி வந்த நாளாக அளவு எடுக்க மட்டும் என்னை வைத்திருந்த முதலாளியே, "மாஸ்டர், முதல் தேதியிலேர்ந்து வெட்டுற மேஜைக்கே வந்துடுங்க" என்றார். உன் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "சும்மா உறுமுன மெஷினா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள். "அப்போ வலி எப்படிக் குறைஞ்சுது?" என்றேன். "வலியே சும்மாதானோ என்னவோ" என்கிறாள்! முப்பது வருஷம் கத்தரி பிடிச்ச கையைப் பார்த்துச் சொல்ற பேச்சா இது?

எனக்கு எந்தக் கதிர் என்று சொல்லும் உறை இன்று வந்துவிட்டது. கூடவே ஆராய்ச்சி முடிவு என்று ஒரு தாள். கதிர் வாங்கினவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வலியில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லையாம். அப்புறம் எதுக்குய்யா அத்தனை பெரிய மெஷின்? எனக்குக் குறைஞ்சுதே, அது யார் கணக்கு? உறையைப் பிரிக்கவும் மனசில்லை, பிரிக்காம இருக்கவும் முடியலை. டிவி மேல வச்சேன், அங்கேர்ந்து முறைக்குது. அலமாரிக்குள்ள போட்டேன், இப்ப அலமாரியையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். சோறு இறங்கலை. நிஜக் கதிர்தான்னு என் மனசு சொல்லுது, உன் அக்கா மூஞ்சி வேற என்னமோ சொல்லுது. ஆகையால் பிரிக்கவே போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். என் எழுத்தைப் பார்த்தாயா? கையெழுத்துகூடப் போட முடியாமல் இருந்தவன், எப்படி முத்து முத்தாக எழுதியிருக்கிறேன்!

நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடும் மடங்குகிற விரல்களோடும் வாழ ஆசீர்வதிக்கும்,
அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். பிரிக்க மாட்டேன்னு எழுதி முடிச்ச கையோட பிரிச்சுட்டார். சும்மா உறுமுன மெஷின்தானாம். அந்த நிமிஷமே கட்டைவிரல் பிடிச்சுக்கிச்சு, பேனாவைக்கூடத் தூக்க முடியலை. மூலையில உட்கார்ந்திருக்கார், பார்க்கச் சகிக்கலை. நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். முதல் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. லெட்டர் கிடைச்சதும் போன் பண்ணி, உறை மாறிப்போச்சு, உங்களுக்குக் கொடுத்தது நிஜக் கதிர்தான்னு சொல்லு. அந்த மெஷின் மாதிரியே நல்லா உறுமிச் சொல்லுடா.