ஒருதரம் டெய்லர் எப்போது செத்தார்?

தாராவியில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஆனால் தான் எப்போது செத்தோம் என்று நேரில் விசாரித்துத் தெரிந்துகொண்டவர், எனக்குத் தெரிந்து, ஒருதரம் டெய்லர் ஒருவர்தான். விசாரித்தது ஒரு நாலு வயதுக் குழந்தையிடம். நான் பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சபைப் பதிவேட்டோடு சரி. "பொறப்பும் ஒரு தரந்தான், சாவும் ஒரு தரந்தான்" என்று எதற்கெடுத்தாலும் சொல்வதால் ஊருக்கு அவர் ஒருதரம். பக்கத்துக் கடை இட்லிக்காரர், "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ, மாவு புளிச்சுப்போச்சு" என்று சலித்துக்கொண்டால் போதும். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போவார்.

"போன ஜென்மம் என்னய்யா போன ஜென்மம்? காலைல மாவ வெயில்ல வச்சது நீரு. இந்த ஜென்மம்!"

ஒருமுறை லோக்கல் ட்ரெயினில் தாளம் தட்டி பஜனை பாடிக்கொண்டு போனவர்களிடம், அடுத்த பிறவி கிடையாது என்று ஹிந்தியில் விளக்கப் போனார். சயானில் ஏறியவரைக் குர்லாவில் இறக்கிவிட்டார்கள். இடையில் வேறு ஸ்டேஷன் கிடையாது.

இன்னொருமுறை ஒரு வெள்ளைப் பூனை தினமும் அவர் கடைப்படியில் வந்து உட்கார, "உங்க சம்சாரம்தான் திரும்பி வந்திருக்காங்க" என்று எதிர்வீட்டு அம்மா சொல்லிவிட்டார். இவர் கத்திய கத்தலில் பூனை ஓடிப்போனது. "அவ அங்க எனக்காகக் காத்திருக்கா. பூனையா இங்க வந்துட்டான்னா, நான் அங்க போயி யாரப் பாக்க?" என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அவர் கடைக்கு மேல் மாடிக் கோலியில், ஒற்றை அறையில், நாங்கள் குடியிருந்தோம். அவர் மகள் லில்லியும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அதனால் எனக்கு அவர் மாமா. அவருக்கு நான் "ஏட்டி மெர்ஸி".

பாதிரியார்களுக்கு அங்கி, கல்யாணப் பெண்ணுக்கு கவுன், கடைசியில் எல்லோருக்கும் சவ உடுப்பு. இவ்வளவுதான் அவர் தைப்பது. பெட்டியில் வைக்கிற உடுப்புக்கு முதுகில் துணி இருக்காது. விறைத்த உடம்பின் மேல் முன்பக்கமாகச் சாத்தி, ஓரத்தை அடியில் செருகிவிடுவார்கள். மற்ற டெய்லர்கள் அத்தோடு விட்டுவிடுவார்கள். இவர் மட்டும் இரண்டு ஓரத்திலும் மடிப்புக்குள் மறைத்து ஒரு நாடா வைத்துத் தைப்பார். எதற்கு என்று கேட்டேன்.

"கடைசி நாள்ல எக்காளம் ஊதி எல்லாரையும் எழுப்பும்போது முதுகு தெரிய நிக்க முடியுமா? எந்திரிச்சதும் கட்டிக்கிடணும்லா. ஏட்டி, வெளிய சொல்லிராத. மத்தவன் காப்பி அடிச்சிருவான்."

நான் சொல்லவில்லை. இந்த விஷயம் முக்கியம்.

லில்லி கதைக்கு வருகிறேன். அவள் ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒரு மராட்டிப் பையன் பெண் கேட்டு வந்தான். நல்ல பையன். மாமாவும் அரை மனதோடு டீ வரவழைத்தார். அவனோ மாமனாரை உருக வைப்பதாக நினைத்துக்கொண்டு, "ஏழு ஜென்மத்துக்கும் லில்லிதான் என் மனைவி" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டான். முடிந்தது. "ஒரு ஜென்மத்துக்கே நான் இன்னும் சரின்னு சொல்லல. ஏழு கேக்கானா ஏழு?" என்று டீயைத் திருப்பி அனுப்பினார். லில்லி ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு முலுண்ட் போய்விட்டாள். அவளுக்காகத் தைக்க ஆரம்பித்த கவுனைக் கிழித்து மெஷின் துடைக்கும் துணியாக்கிவிட்டதாக அவரே தெருவெல்லாம் சொன்னார். அப்பாவும் மகளும் பதினோரு வருஷம் பேசவில்லை.

அந்தப் பதினோராவது வருஷத்தில்தான் அந்தக் குழந்தை வந்தது.

மே மாத மத்தியானம். செம்பூர் தாண்டி இருக்கும் சீத்தா கேம்ப்பில் தோல்பை பட்டறை வைத்திருந்த காதர் பாய் என்பவர், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் தயங்கி நின்றார். கீழக்கரைப் பக்கத்துக்காரர். இதற்குமுன் நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை.

"அண்ணே, இங்க பாதிரி அங்கி தைக்கிற டெய்லர் ஒருத்தர் செத்துப்போனாராமே, அவர் கடை எது?"

ஒருதரம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்தப் பக்கத்துல அங்கி தைக்கது நான் ஒருத்தன்தான். நான் செத்தத எனக்கு யாரும் சொல்லலயே."

காதர் பாய்க்கு வேர்த்துக் கொட்டியது. விஷயம் இதுதான்: மூன்று மாதமாகக் குழந்தை ரிஸ்வானா, "எனக்கு தாராவியில கடை இருக்கு, முதுகு இல்லாத சட்டை தைப்பேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். "எங்க மார்க்கத்துல இதெல்லாம் கிடையாதுண்ணே. வெளிய சொல்லவே பயமா இருக்கு. அப்படி யாரும் இல்லைன்னு காட்டிக் கூட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

ஒருதரம் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்களுக்கும் கெடையாது பாய். உக்காருங்க."

மறுபிறவியை நம்பாத இரண்டு மதத்துக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நம்புகிற இட்லிக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

குழந்தை யாரையும் பார்க்கவில்லை. நேராக மெஷின் பக்கம் போனாள். ஸ்டூலில் ஏறி, மெஷின் கழுத்தில் படிந்திருந்த நூல் தூசியை வாயால் ஊதினாள். நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஒரே முறையில் ஊசியில் கோத்தாள். ஒருதரம் கோப்பதும் அப்படித்தான். இடது கண்ணை மூடி.

வாசலில் நின்ற இட்லிக்காரர் உள்ளேயே வந்துவிட்டார்.

மேஜைமேல் பாதி தைத்த சவ உடுப்பு ஒன்று கிடந்தது. அதைத் திருப்பிப்போட்டு ஓரத்து மடிப்பை விரலால் நெருடிப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, ஒரு சக தொழிலாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நாடா வைக்கலையா? எந்திரிச்சா எப்படிக் கட்டுறது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் சிரிக்க முயன்றார். "சரி தாயீ. நீதான் நான்னே வச்சுக்கிடுவோம். நான் எப்பம்மா செத்தேன்?"

"மழைல," என்றாள் குழந்தை. "தகரத்து மேல டப்டப்னு சத்தம் கேட்டுச்சு. லில்லியோட வெள்ளை கவுன் பெட்டிக்குள்ள இருக்கு. ஒரு கை இன்னும் தைக்கல. குடுக்கிறதுக்குள்ள செத்துட்டேன்."

"பொய்!" என்று அவர் மேஜையில் அடித்தார். குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தாள். அழுதபின் சாதாரணக் குழந்தையாகிவிட்டாள். ஐஸ் வேண்டும் என்றாள். காதர் பாய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருமுனை திரும்பும்போது அப்பா தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்து, விரலை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஒரு தரந்தான்."

அந்த வாரம் மாமாவைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. போதகர் இது பிசாசின் வேலை, மூன்று நாள் உபவாசம் இரும் என்றார். இவர் இரண்டாம் நாள் கேஸ் தொல்லையில் இட்லி சாப்பிட்டுவிட்டார். கடை முகப்புச் சாய்ப்பின் தகரத்தில் காக்கை நடந்தால்கூட கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு மேலே பார்ப்பார். மழைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டார். தினமும் வானிலைச் செய்தியைப் படித்துச் சொல்வது என் வேலையாயிற்று. கேரளாவுக்கு வந்துவிட்டது என்றேன். முகம் சுண்டிப்போனது. கோவாவுக்கு வந்துவிட்டது என்றேன். அன்று கடையை அரை நாள் மூடிவிட்டார்.

மறுநாள் என்னைக் கீழே கூப்பிட்டு அளவு டேப்பைக் கையில் கொடுத்தார். "முதுகு அளவு எடு. சொந்த முதுக நானே எடுக்க முடியாதுல்லா."

"யாருக்கு மாமா?"

"எனக்குத்தான். சவ உடுப்பு."

"அதுக்குத்தான் முதுகே கிடையாதே?"

"எனக்கு மட்டும் வச்சுத் தச்சுக்கிடுதேன். இத்தன வருசம் தச்சவனுக்கு ஒரு முதுகு கூடவா இல்ல?"

டேப்பை அவர் தோளில் வைத்தேன். அளவைச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"கவுன் இருக்குட்டி."

கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். பாச்சா உருண்டை வாடைக்கு நடுவே, நீலத் தாளில் சுற்றி, வெள்ளை கவுன். வலது கை இருந்தது. இடது கை இல்லை. அந்தப் பெட்டியைப் பதினோரு வருஷமாக அவரைத் தவிர யாரும் திறந்ததில்லை.

"அப்ப அந்தப் பிள்ளை சொன்னது..." என்று இழுத்தேன்.

"ஏட்டி, நான் மறுபிறவிய ஒத்துக்கிட்டேன்னு நெனச்சிராத," என்று திரும்பினார். கண் சிவந்திருந்தது. "அது உண்டுன்னா எனக்கு என்ன அவசரம்? அந்தப் பிள்ள வளந்து, அதுவே கொண்டுபோய்க் குடுத்துக்கிடும். நான் காலை நீட்டிப் படுத்துக்கிடலாம். இல்லேங்கதாலதான் இத நானே குடுக்கணும். ஊருக்கெல்லாம் ஒரு தரம் ஒரு தரம்னு சொன்னேன். நான் மட்டும் பத்துத் தரம் வாழப்போறவன் மாதிரி பதினோரு வருசத்தப் போக்கிட்டேன்."

அன்று முழுக்க உட்கார்ந்து இடது கையைத் தைத்தார். முடித்துவிட்டு, "லில்லி வீடு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். மாசம் ஒரு தடவை போவேன்."

"பதினோரு வருசமாவா?"

"ஆமா மாமா."

"இத மறச்சுக்கிட்டா தினமும் என் மூஞ்சில முழிச்ச?" என்று முறைத்தவர், கொஞ்சம் பொறுத்து, "நல்ல வேளை," என்றார்.

அடுத்த நாளே கிளம்பினோம். வானம் சிலேட்டு மாதிரி கறுத்திருந்தது. சயானில் ஸ்லோ ட்ரெயின் பிடித்தோம். பார்சலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். விக்ரோலி தாண்டும்போது ஜன்னல் வழியாக ஒரு துளி அவர் கையில் விழுந்தது. "மழையா?" என்றார். "ஏசி தண்ணி மாமா," என்றேன். லோக்கலில் எங்கே ஏசி என்று அவர் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறாவது மாடி. பெல் அடித்தேன். லில்லி கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தவள் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. மாமா அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். என்னென்னவோ பேசத் தயாராகி வந்தவர், கடைசியில் சொன்னது இது:

"உடம்பு போட்டுட்ட. இடுப்பப் பிரிச்சுத் தைக்கணும்."

"பதினோரு வருஷம் கழிச்சு வந்து இதானாப்பா பேச்சு?"

"வேற பேச்சுத்தான் பேச வந்தேன். தப்புப் பண்ணிட்டேன்ட்டி. வாய் வரமாட்டேங்கு."

லில்லி அழுததை நான் எழுதப்போவதில்லை. கவுனைப் பிரித்து மார்போடு வைத்துப் பார்த்தாள், பாதிக்குத்தான் வந்தது. அவள் பத்து வயது மகள் அதைத் தோளில் போர்த்திக்கொண்டு ஹாலில் சுற்றிச் சுற்றி வந்தாள். மாமாவுக்கு இப்படி ஒரு பேத்தி இருப்பது அன்றுதான் தெரியும். அவளுக்கோ தமிழ் கொஞ்சம்தான் தெரியும். "நானா, யே ஆப்னே பனாயா?" என்று கேட்டாள், தாத்தாவே தைத்ததா என்று. "ஹாங். மைனே. தோனோ ஹாத்," என்றார் பெருமையாக, இரண்டு கையும் தானே தைத்தது என்று. மருமகன் ஆபீஸிலிருந்து வந்து, பயந்துகொண்டே அவர் காலைத் தொட்டான். மாமா அவனைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏழெல்லாம் கெடையாது மாப்ள. ஒண்ணுதான். அத நல்லா வச்சுக்கோங்க."

அப்போது மழை வந்தது. ஜன்னலுக்கு மேல் சாய்ப்பாக அடித்திருந்த தகரத்தில் டப் டப் என்று முதல் துளிகள். மாமா என் கையைப் பிடித்தார். எலும்பு நொறுங்கும் பிடி. உதடு மட்டும் அசைந்தது, ஜெபம். தகரம் அதிர்ந்தது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது. பேத்தி சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பிடி மெதுவாகத் தளர்ந்தது.

"லில்லி," என்றார், "இன்னொரு டீ போடு."

மழைக்காலம் முடிந்ததும், குழந்தைக்கு ஒரு ரோஸ் கலர் ஃப்ராக் தைத்து எடுத்துக்கொண்டு சீத்தா கேம்ப் போனோம். தான் சாகவில்லை என்பதை நேரில் காட்ட வேண்டும் என்று துடித்தார். ரிஸ்வானா உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "யாரு உம்மா இந்தத் தாத்தா?" என்றாள். இரண்டு மாதமாகவே கடைப் பேச்சே எடுப்பதில்லை என்றார் காதர் பாய். அவருக்கு நிம்மதி, முகத்தில் தெரிந்தது. மாமாவுக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பும்போது, பஸ் செம்பூர் வந்ததும், "என்னைய மறந்துட்டாளேட்டி," என்றார்.

அதற்கப்புறம் நான்கு மழைக்காலம் இருந்தார். ஐந்தாவது வருஷம் ஜனவரியில், நல்ல வெயிலில், முலுண்ட் வீட்டு பால்கனியில், பேத்தியின் ஸ்கூல் பாவாடைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருக்கும்போது போனார். மழையும் இல்லை, சத்தமும் இல்லை.

எனக்கும் மறுபிறவியில் நம்பிக்கை கிடையாது. அவர் வளர்த்த சபைப் பிள்ளை நான். ஆனாலும் லோக்கலில் நாலு வயதுக் குழந்தை ஏதாவது என்னையே உற்றுப் பார்த்தால், என் ஸ்டேஷன் வந்தபிறகும் உடனே எழுந்திருக்க மனசு வருவதில்லை.